குசினி எந்தப் பக்கம் என்று தெரிந்த படங்கள்

படம் பார்த்துவிட்டு வந்தால் எல்லாரும் நடிப்பு, பாட்டு, சண்டை, கிளைமாக்ஸ் என்று கதைப்பார்கள். எனக்கு முதலில் வருவது வீடுதான். அந்தக் கதையில் வரும் ஆட்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள், குசினி எந்தப் பக்கம், சாப்பிடும்போது யார் கதிரையில், யார் நிலத்தில், வாடகை வீடா சொந்த வீடா, சொந்த வீடென்றால் வீட்டு உறுதிப் பத்திரம் யார் பேரில். இதையெல்லாம் படத்தில் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. எடுத்தவருக்குத் தெரிந்திருந்தால் போதும். தெரிந்து எடுத்த படத்தில், ஒருத்தர் வெளியில் இருந்து வந்து செருப்பைக் கழற்றுகிற விதத்திலேயே அது விளங்கிவிடும்.

திருகோணமலையில் இருந்துகொண்டு தமிழ்ப் படமும் நாடகமும் பார்க்கிற எவருக்கும் இந்தக் கேள்வி எப்போதாவது வந்தே தீரும். நாங்கள் பார்க்கிற அனேகமான எல்லாம் அந்தக் கரையில் எடுத்தவை. நெல்சன் தியேட்டரில் பார்த்தாலும் சரி, வீட்டில் டயலொக் ரிவியில் பார்த்தாலும் சரி, சென்னை வீடு, மதுரை வீடு, தேனி வீடு எல்லாம் எங்களுக்கு அத்துப்படி. எங்கட வீட்டைத்தான் திரையில் காணக் கிடைப்பதில்லை. எங்கட ஆட்கள் வராமல் இல்லை. வருகிறார்கள். ஆனால் ஒன்றில் படகில் வந்து இறங்குகிறார்கள், இல்லையென்றால் துவக்கோடு வந்து நிற்கிறார்கள். வீட்டுக்குள்ளே இருந்து எழும்பி வருகிற ஆளாக வருவது மிகக் குறைவு.

ஈழத்துத் தமிழரை வைத்து வந்த படங்களில் எனக்கு நிலைத்து நிற்கும் இடங்கள், குண்டு விழுகிற இடங்கள் அல்ல. எங்கட ஆட்கள் சும்மா இருக்கிற இடங்கள்தான். சாப்பிடுகிற, கொதிக்கிற, பிள்ளையை ஏசுகிற, பகிடி விடுகிற இடங்கள். இதை நான் நல்லாக யோசித்துத்தான் சொல்கிறேன். எங்களைப் பற்றி எடுப்பவர்கள் எங்கட துன்பத்தில் இவ்வளவு கவனம் வைத்தது போதும். எங்கட அன்றாடத்தில் கொஞ்சம் கவனம் வைக்கட்டும்.

முதலில் நாடகத்தைச் சொல்கிறேன். தமிழ் சினிமாவைப் பற்றி எழுதுகிறவர்கள் நாடகம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வீட்டை விட்டு வெளியே போகாமல் வருடக்கணக்காகக் கதை சொல்வது சின்ன வேலை இல்லை. ‘மெட்டி ஒலி’ 2002 இல் தொடங்கியபோது எங்கட பகுதியில் பின்னேரம் யாரும் யாரையும் தேடிப் போகமாட்டார்கள். ஐந்து பெண் பிள்ளைகளின் தகப்பன் ஒவ்வொருத்தியாகக் கட்டிக்கொடுத்துவிட்டு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நிற்கிற கதை. திருமுருகன் அதைப் பதற்றமில்லாமல் எடுத்தார். ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுக்கப்படுகிறதா இல்லையா என்பதிலேயே ஒரு நாள் கதை ஓடிவிடும். அதைவிடச் சரியாக ஒரு சம்பந்தி வீட்டைக் காட்டிய சினிமாவை நான் இன்னும் பார்க்கவில்லை.

அப்புறம் ‘எதிர்நீச்சல்’. 2022 இல் தொடங்கியது. திருச்செல்வம் ஏற்கெனவே ‘கோலங்கள்’ எடுத்தவர், பெண்கள் எதற்குக் கோபப்படுவார்கள் என்று தெரிந்தவர். மதுரையில் நான்கு அண்ணன் தம்பிகள், படித்துவிட்டுக் குசினிக்குள் அடைபட்ட நான்கு மருமக்கள், மேலே உட்கார்ந்துகொண்டு கத்துகிற ஆதி குணசேகரன். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி நான்கு பேரும் அந்தக் குசினியில் நின்று கதைக்கிற காட்சிகள்தான் அந்த நாடகத்தின் உயிர். மரக்கறி வெட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, வெளியில் காலடி கேட்டால் உடனே பேச்சை மாற்றிக்கொண்டு நிற்பார்கள். அப்பத்தாவின் நாற்பது வீதப் பங்கு என்று ஒரு விடயத்தை வைத்து மாதக்கணக்காக இழுத்தார்கள். இழுத்தார்கள்தான், ஆனால் சொத்து யார் கையில் என்பதுதான் வீட்டில் யார் குரல் உயரும் என்பதைத் தீர்மானிக்கிறது என்று அவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன நாடகம் வேறு இல்லை.

இந்த இடத்தில்தான் எங்கட ஊர் விடயம் ஒன்று வருகிறது. கிழக்கில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெண் பிள்ளைக்குத்தான். கட்டுகிற ஆண் பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பார். உறுதி அவள் பேரில் எழுதப்படும். தாய் தகப்பன் பல இடங்களில் அதே வளவுக்குள் பின்னுக்கு ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள், இல்லையென்றால் அடுத்த மகளுக்கு வீடு கட்டத் தொடங்குவார்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் இதே கதைதான். இப்போது கொழும்பு, கனடா என்று போய் இது கொஞ்சம் கலைந்துவிட்டது என்றாலும் அடிப்படை மாறவில்லை. ஆக, புகுந்த வீடு, மாமியார் வீடு, மருமகள் கொடுமை என்று சன் ரிவியில் ஓடுகிற முழு ஏற்பாடுமே எங்களுக்கு இன்னொரு நாட்டுக் கதை மாதிரி. குணசேகரன் எழும்பி நின்று கத்துகிற நேரம் எங்கட அம்மா சொல்லுவா, “இஞ்ச என்றால் வீடு அவள்ட பேரில. இவன் இப்படிக் குரல் எழுப்பினா, படலையைத் திறந்து வெளியில போ என்று சொல்லிப்போடுவாள்.” பக்கத்து வீட்டு மாமி உடனே மறுப்பா. “உறுதி எங்கட பேரில இருந்து என்ன பிரயோசனம், தங்கச்சி? குசினிக்குள்ள நிக்கிறது நாங்கள்தானே.”

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிழக்கின் நல்ல நாடகம் ஒன்று இருக்கிறது. வீடு அவளுடையது, ஆனால் வேலை முழுக்க அவள் தலையில். மருமகன் விருந்தாளி மாதிரி வந்து, வருடங்கள் போகப் போக அதிகாரியாக மாறுவது. பின்வளவில் ஒதுங்கின மாமனார் தான் கட்டின வீட்டுக்குள் நுழைய முன் செருமிக்கொண்டு வருவது. மூன்றாவது மகளுக்கு வீடு கட்டக் காசு இல்லாமல் மூத்த அண்ணன் கட்டாரில் கலியாணம் கட்டாமல் இருப்பது. இதை எல்லாம் எழுத ஒரு திருச்செல்வம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. சக்தி, வசந்தம், நேத்ரா என்று எங்கட ரிவிகள் இருக்கின்றன, திறமையான பிள்ளைகள் இருக்கிறார்கள். இப்படி ஒரு நாடகத்துக்குப் பார்வையாளர்களும் தயாராக இருக்கிறார்கள்.

ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டெம்பர் 8 ஆம் திகதி காலமானார். டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலி வந்தது என்று செய்தி. அன்றைக்கு எங்கட வீட்டில் உண்மையாகவே துக்கம். நாள்தோறும் திட்டித் தீர்த்த மனிதனுக்காக அம்மா அழுதா. ஒரு நடிகர் அதைவிடப் பெரிதாக எதையும் சம்பாதிக்க முடியாது. அவருக்குப் பிறகு அந்தப் பாத்திரத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல நடிகர், கம்பீரம் இருந்தது. ஆனால் மாரிமுத்துவின் குணசேகரன் பயமுறுத்துகிற அதே வாயால் சிரிக்கவும் வைத்தார், வீட்டுக்குள் இருக்கிற கொடுமைக்காரர்கள் அப்படித்தான் இருப்பார்கள். அந்த இணைப்பு பிறகு கிடைக்கவில்லை. 2024 ஜூனில் நாடகம் முடிந்து, ஆண்டு முடிவில் இரண்டாம் பாகம் தொடங்கியது. முதல் ஒரு வருடத்தின் தரம் அதில் இல்லை என்பது என் கருத்து.

சரி, படங்களுக்கு வருவோம்.

‘கன்னத்தில் முத்தமிட்டால்’ 2002 பெப்ரவரி 14 இல் வந்தது. எட்டு நாள் கழித்து, பெப்ரவரி 22 இல், அரசுக்கும் புலிகளுக்கும் இடையில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. அந்தத் தற்செயல் எங்களில் ஒரு தலைமுறைக்கு இரண்டையும் சேர்த்து ஒட்டிவிட்டது. பாதைகள் திறந்த காலமும் அந்தப் பாட்டுகளும் எங்களுக்கு ஒன்றுதான். மணிரத்னத்தின் படங்களில் எனக்கு ஆகப் பிடித்தது இது. அமுதாவாக நடித்த கீர்த்தனாவுக்கும் ரஹ்மானுக்கும் வைரமுத்துவுக்கும் தேசிய விருது கிடைத்தது நூறு வீதம் சரி. எம். எஸ். விஸ்வநாதன் குரலில் ‘விடை கொடு எங்கள் நாடே’ தொடங்கும்போது, இடம்பெயர்ந்து நடந்த எவரும் அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டார்கள். தங்கட காட்சியைத்தான் பார்ப்பார்கள்.

ஆனாலும் அந்தப் படத்தில் நன்றாகத் தெரிந்து எடுத்த வீடு சென்னை வீடுதான். அமுதாவை எடுத்து வளர்க்கிற இந்திராவும் திருச்செல்வனும் பிள்ளைகளும் காலையில் அல்லாடுகிற வீடு. சிம்ரன் கோபத்தில் நடக்கிற நடை, தாத்தாவின் பேச்சு, தம்பிமாரோடு அமுதா போடுகிற சண்டை, எல்லாம் கையால் தொடலாம் போல இருக்கும். மாங்குளத்தில் ஒரு கலியாணத்தோடு படம் தொடங்கும். அழகான தொடக்கம். ஆனால் மாங்குளத்து வீட்டுக்கு அந்த அழகைத் தவிர வேறு எதுவும் கொடுக்கப்படவில்லை. அமுதாவைப் பெற்ற சியாமாவை அவளுடைய தாய் எதற்கு ஏசுவார், அவள் எதைச் சமைக்கத் தெரியாதவள், அவளுடைய மாப்பிள்ளைக்கு என்ன பைத்தியம், ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. கடைசியில் அமுதா கேள்விகளோடு தாய்க்கு முன்னால் நிற்கும்போது சியாமாவாக நடித்த நந்திதா தாஸ் முகத்திலேயே எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடுகிறார், அது நடிகையின் சாதனை. எழுத்தில் அவருக்கு இன்னும் பத்து நிமிட வாழ்க்கை கொடுத்திருக்க வேண்டும். பிரகாஷ்ராஜின் விக்கிரமசிங்க டொக்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு சிங்கள மனிதரை வில்லனாகவும் இல்லாமல் தெய்வமாகவும் இல்லாமல், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு கொடுக்கிற ஒருவராகக் காட்டியது அந்தக் காலத்தில் பெரிய விடயம். திருகோணமலையில் மூன்று இனத்தோடும் புழங்கி வளர்ந்தவர்களுக்கு அந்த மனிதர் பழக்கமானவர். எங்கட தெருவில் அப்படி ஆட்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள்.

‘தெனாலி’ 2000 தீபாவளிக்கு வந்தது. கமல் எங்கட பேச்சை எடுத்துக்கொண்டு முழுப் படமும் ஓடினார். அந்தப் பேச்சு யாழ்ப்பாணத்தையே குறி வைத்தது. எங்கட பக்கம் வேறு மாதிரிக் கதைப்போம், ஆனாலும் சிரித்தோம். எதைக் கண்டாலும் பயப்படுகிற ஒரு மனிதன், அந்தப் பயத்துக்குக் காரணம் நாட்டில் நடந்த போர். இதை நகைச்சுவையாக எடுத்தது தவறு என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. நான் அவர்கள் பக்கம் இல்லை. ஹெலி சத்தம் கேட்டால் இப்போதும் மேசைக்குக் கீழே பார்க்கிற ஆட்களை எனக்குத் தெரியும், அவர்களே அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். பயந்தவன் சிரிக்கக் கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை. எனக்கிருக்கிற குறை வேறு. தெனாலி முழுப் படத்திலும் இன்னொருவருடைய வீட்டில் இருக்கிறான். வைத்தியம் பார்க்கிற டொக்டரின் குடும்பத்துக்குப் பின்னால் கொடைக்கானல் வரைக்கும் போகிறான். அவனுக்கென்று ஒரு முகவரி கிடையாது. ஈழத்தவன் என்றால் விருந்தாளி, அந்த முடிவைப் படம் ஒரு இடத்திலும் யோசித்துப் பார்க்கவில்லை.

‘ஜகமே தந்திரம்’ பற்றி நீட்டத் தேவையில்லை. லண்டன் தாதாக்களின் கதைக்கு உப்புப் போல எங்கட அகதி வாழ்க்கையைத் தூவியிருந்தார்கள். அதே 2021 இல் வந்த ‘தி ஃபமிலி மேன்’ இரண்டாம் சீசனில் சமந்தா உயிரைக் கொடுத்து நடித்தார். அந்த ராஜிக்கு எழுதியவர்கள் கொடுத்தது ஒரு பழைய வலியும் ஒரு வேலைத்திட்டமும் மட்டும். அந்தத் தொடரில் ஸ்ரீகாந்த் திவாரிக்கு வீடு இருக்கிறது, மனைவியோடு மனக்கசப்பு இருக்கிறது, சொல்வழி கேளாத மகள் இருக்கிறாள். பெயரிலேயே குடும்பம் இருக்கிற ஒரு தொடரில் எங்கட ஆளுக்கு மட்டும் குடும்பம் இல்லை. எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான்.

‘தீபன்’ 2015 இல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கியது. ஜாக் ஓடியார் பிரெஞ்சுக்காரர், அவருடைய படத்தில் பெரும்பாலும் தமிழ் பேசப்படுகிறது. ஷோபாசக்தியும் காளீஸ்வரி ஸ்ரீனிவாசனும் கணவன் மனைவியாக, ஒருவரையொருவர் தெரியாத கணவன் மனைவியாக, ஒரு அநாதைப் பெண் பிள்ளையை மகள் என்று சொல்லிக்கொண்டு, செத்துப்போன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட்டில் பிரான்சுக்குப் போகிறார்கள். இந்த முதல் ஒரு மணித்தியாலம் எங்கட ஆட்களைப் பற்றி உலக சினிமாவில் வந்தவற்றில் ஆகச் சிறந்தது என்று துணிந்து சொல்வேன். மூன்று அந்நியர்கள் ஒரு மேசையில் இருந்து சாப்பிடப் பழகுகிறார்கள். மனைவியாக வருகிற யாழினிக்குப் பிள்ளையை அணைக்கத் தெரியவில்லை, விருப்பமும் இல்லை. பிள்ளை அதைச் சொல்லியே கேட்கிறது. தாய் என்றால் இயல்பாகவே உருகுவாள் என்ற பழைய பொய்யை அந்தப் படம் அங்கே போட்டு உடைக்கிறது. பிறகு போதைப்பொருள் கும்பல், கத்தி, துப்பாக்கி, எரிகிற கார் என்று கடைசிப் பகுதி போகிறது. அதற்குத்தான் பலர் கைதட்டினார்கள். எனக்கு அந்த இடத்தில் படம் கைநழுவிப் போனது. ஒரு குடும்பம் உருவாவதைவிட ஒரு முன்னாள் போராளி மறுபடி ஆயுதம் தூக்குவது சுவாரசியம் என்று எடுத்தவர்கள் நினைத்துவிட்டார்கள்.

அதை நினைக்காத ஒரு படம் இருக்கிறது. அசோக ஹந்தகம 2012 இல் எடுத்த ‘இனி அவன்’. சிங்கள இயக்குநர், தமிழ்ப் படம், யாழ்ப்பாணம். போர் முடிந்து ஊருக்குத் திரும்புகிற ஒருவன் வேலை தேடுகிறான். முழுப் படமும் அதுதான் என்று சொல்லலாம். ஊர் அவனை எப்படிப் பார்க்கிறது, பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அவனைக் கண்டால் என்ன செய்வார்கள், முன்பு விரும்பிய பெண் இப்போது எந்த நிலையில் இருக்கிறாள். தர்ஷன் தர்மராஜ் அதில் நடித்தார். அதிகம் பேசமாட்டார். தோளைக் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டுவந்து நடப்பார், எந்த வாசலிலும் உள்ளே போகலாமா என்று ஒரு கணம் நிற்பார். 2022 ஒக்டோபரில் மிக இளம் வயதில் அவர் போய்ச் சேர்ந்தார். தமிழிலும் சிங்களத்திலும் ஒரே மாதிரி மதிக்கப்பட்ட நடிகர். எங்கட பெடியள் நிறையப் பேர் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை, விஜய் படத்துக்கு முதல் நாள் முதல் காட்சிக்கு நிற்கிற அதே பெடியள். இரண்டும் பார்க்கலாம். நானும் இரண்டும் பார்க்கிற ஆள்தான்.

இப்போது ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. 2025 மே 1 இல் வந்தது, அபிஷன் ஜீவிந்த்தின் முதல் படம். இதைப் பற்றி எங்கட வீட்டில் நடந்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை.

படத்தின் காரணம் போர் அல்ல, பொருளாதார நெருக்கடி. அதற்காகவே முதலில் அந்த இளைஞருக்கு நன்றி சொல்ல வேண்டும். 2022 ஐ இங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லை. பெற்றோலுக்கு இரவில் வரிசை, காஸ் சிலிண்டரை வீதியில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு வரிசை, பால்மா இல்லை. அந்த நேரத்தில் சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லாரும் ஒரே வரிசையில்தான் நின்றோம். அப்படியொரு காலத்தில் கடலைக் கடந்த ஒரு குடும்பத்தைத்தான் சசிகுமாரும் சிம்ரனும் இரண்டு பெடியன்களும் நடிக்கிறார்கள். ராமேஸ்வரக் கரையில் இறங்கிய உடனேயே பொலிஸ் பிடிக்கிறது. அந்தப் பதற்றத்துக்கு நடுவிலும் இளையவனின் வாய் அடங்கவில்லை. அந்த இடத்தில் தியேட்டர் சிரித்தது, நானும் சிரித்தேன், கண்ணும் கலங்கியது. ஒரு ஈழத்துச் சின்னப் பெடியன் குறும்பு பண்ணிக்கொண்டு தமிழ் சினிமாவுக்குள் நுழைவதைப் பார்க்க இவ்வளவு காலம் காத்திருந்திருக்கிறோம்.

சென்னையில் அவர்களுக்கு ஒரு வாடகை வீடு கிடைக்கிறது. படத்தின் நல்லதெல்லாம் அந்த வீட்டுக்குள்ளேதான். தர்மதாஸ் வேலை இல்லாமல் இருக்கிறார், மனைவி அவரைக் குத்திக்காட்டுவதில்லை, ஆனால் கணக்குப் பார்க்கிறா. மூத்தவனுக்கு உள்ளே ஒரு கோபம், அவன் விட்டுவிட்டு வந்தது பெற்றோருக்கு விளங்கவில்லை. அது வெடிக்கிற காட்சி எனக்கு மிகவும் உண்மையாகப் பட்டது. புலம்பெயர்வது என்று பெரியவர்கள் முடிவெடுக்கும்போது பிள்ளைகளிடம் யாரும் கேட்பதில்லை. என்னுடைய வகுப்பில் இருந்து அப்படி ஒரே இரவில் காணாமல் போன பிள்ளைகள் உண்டு.

சிம்ரனுக்குத் தனியாக ஒரு வரி எழுத வேண்டும். ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் ஈழத்துப் பிள்ளையை வளர்க்கும் சென்னைத் தாய். இருபத்து மூன்று வருடம் கழித்து ஈழத்துத் தாயே அவர்தான். இரண்டு படத்தையும் அடுத்தடுத்த நாளில் பாருங்கள். முதல் படத்தில் அவர் பிள்ளையைப் பறிகொடுத்துவிடுவோமோ என்று பயப்படுகிறார், இதில் வீட்டையே பறிகொடுத்துவிட்டு வந்து நிற்கிறார். அந்த முகத்தில் வயது கூடியிருக்கிறது, பதற்றம் குறைந்திருக்கிறது.

வாக்குவாதம் எங்கே வந்தது என்றால், முகாம் விடயத்தில். திருகோணமலையில் இருந்து 1990 இல் படகில் போனவர்கள் ஏராளம். எங்கட சொந்தத்திலும் ஒரு பெரியம்மா குடும்பம் போனது. ராமேஸ்வரத்துக்குக் கிட்ட இருக்கிற மண்டபம் முகாமில் இறங்கி, பிறகு உள்ளே ஒரு முகாமுக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே பிள்ளைகள் பிறந்து, அந்தப் பிள்ளைகளுக்கும் பிள்ளைகள் வந்துவிட்டன. தமிழ்நாட்டில் நூறுக்கு மேற்பட்ட முகாம்கள் இருக்கின்றன. 2021 இல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறினாலும் குடியுரிமை வரவில்லை. தங்கச்சி அங்கே இருக்கிற மச்சாளோடு வட்ஸ்அப்பில் படத்தைப் பற்றிக் கதைத்தாள். மச்சாள் சொன்ன பதில், “அவங்களுக்கு ஒரு கிழமையில வீடு கிடைச்சிட்டுது. எங்களுக்கு இன்னும் சாயங்காலம் பெயர் கூப்பிட்டுப் பாக்கிறாங்க.” தங்கச்சிக்கு அதோடு படம் கசந்துவிட்டது. ஒரு பொய்யான சென்னை, எல்லாரும் கடைசியில் நல்லவர்கள், பார்க்கிறவர்கள் மனம் குளிர்ந்து வீட்டுக்குப் போவதற்காகச் செய்தது என்பது அவளுடைய கட்சி.

நான் மச்சாளின் பேச்சை மறுக்கமாட்டேன். அந்தப் படம் முகாமைத் தாண்டிக் குதித்துப் போனது உண்மை. ஆனால் அந்தப் படத்தைத் தூக்கி எறிய என்னால் முடியாது. ஏனென்றால் முகாமைக் காட்டுகிற படம் என்றால் மறுபடி எங்களை வரிசையில் நிற்கிற முகங்களாக மட்டுமே காட்டியிருப்பார்கள் என்ற பயம் எனக்கு இருக்கிறது. அந்தப் பயம் வீண் இல்லை, இவ்வளவு காலமும் வந்த படங்கள் கொடுத்தது. நான் கேட்பது, மச்சாளின் முகாம் வீட்டுக்குள்ளே அந்தக் குறும்புக்காரப் பெடியன் இருக்கிற படம். பத்துக்குப் பத்து அறையில் பதின்ம வயது மகள் உடுப்பு மாற்ற எங்கே போவாள், சம்பந்தம் பேச வருகிறவர்களை எங்கே இருத்துவார்கள், அதற்குள்ளும் எப்படி ஒரு சிரிப்பு நடக்கிறது. ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ கதவைத் திறந்துவிட்டது என்பதாலேயே இதை இப்போது கேட்க முடிகிறது. தங்கச்சி இதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

வீடு என்று கதைக்கத் தொடங்கிய பிறகு பிக்பாஸை விட்டுவிட முடியாது. மூன்றாவது சீசன் 2019 ஜூன் 23 இல் தொடங்கியது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் இலங்கையில் ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகள். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளின் புத்தகப் பையைப் பெற்றோர் நின்று சோதித்த காலம், இரவில் யாரும் வெளியே போகாத காலம். அந்த நேரத்தில் எங்கட நாட்டு இளைஞர் தர்ஷனும், சக்தி ரிவியில் செய்தி வாசித்த லொஸ்லியாவும் அந்த வீட்டுக்குள் போனார்கள். முழு நாடும் பார்த்தது. எங்கட பேச்சில் ஒரு பிள்ளை காலையில் எழும்பிக் கதைக்கிறது, சமைக்கிறது, கோபித்துக்கொள்கிறது, பாட்டுக்கு ஆடுகிறது. கதை இல்லை, வசனம் எழுதித் தரவில்லை. நான் இவ்வளவு நேரமும் கேட்கிற அன்றாடம் அங்கேதான் கிடைத்தது, அதுவும் கமல்ஹாசன் முன்னிலையில்.

கனடாவில் இருந்து லொஸ்லியாவின் தகப்பன் வந்த நாளை எல்லாரும் நினைவு வைத்திருப்பார்கள். பத்து வருடத்துக்குப் பிறகு நேரில் காண்கிறார்கள். இங்கே வீட்டுக்கு வீடு அப்படி ஒரு தகப்பன், ஒரு அண்ணன், ஒரு கணவன் எங்கேயோ இருக்கிறார். அதனால் அந்த அழுகை எங்களுக்குப் புதிது இல்லை. வந்தவர் மகளைக் கட்டிப்பிடித்த கையோடு ஏசவும் செய்தார். அதைக் கண்டித்து அப்போது நிறையப் பேர் எழுதினார்கள். தொலைவில் இருந்து வளர்க்கிற தகப்பனுக்கு ஏசுவதைத் தவிர வேறு வழி தெரியாமல் போவதை நான் எங்கட குடும்பத்திலேயே பார்த்திருக்கிறேன். அவர் மீது எனக்குக் கோபமில்லை. கமராவை அவ்வளவு கிட்டக் கொண்டுபோனவர்கள் மீதுதான் கோபம். அந்த இரண்டு பேரையும் ஒரு அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தியிருக்கலாம். நாங்கள் பார்க்காமல் இருந்திருப்போம், ஒன்றும் குறைந்திருக்காது.

எங்கட பிள்ளை கில்மிசா 2023 டிசெம்பரில் சரிகமப பாட்டுப் போட்டியில் வென்றபோதும், மலையகத்தில் இருந்து அசானி அந்த மேடையில் பாடியபோதும் சந்தோசப்பட்டோம். ஆனால் அங்கேயும் பாட்டு முடிந்த உடனே கண்ணீர்க் கதையைக் கேட்டு வாங்குகிற பழக்கம் இருக்கிறது. பிள்ளை நன்றாகப் பாடினாள் என்பதோடு விட்டால் நல்லது.

எங்கட ஊரே திரையில் வந்ததா என்று கேட்டால், வந்தது. ஆனால் தமிழில் இல்லை. 1962 இல் வந்த ‘ரன்முத்து தூவ’ இலங்கையின் முதல் முழுநீள வண்ணப் படம். எடுத்தவர் மைக் வில்சன், ஆர்தர் சி. கிளார்க்கோடு சேர்ந்து கோணேசர் மலைக்குக் கீழே கடலில் சுழியோடியவர். போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளின கோயிலின் தூண்களும் கற்களும் 1956 இல் இவர்கள் கண்ணில் பட்டன. பிறகு அந்தக் கடலையே கதையாக்கி, புதையல், வில்லன், காதல் எல்லாம் சேர்த்து ஒரு படம். காமினி பொன்சேகா, ஜீவராணி, ஜோ அபேவிக்ரம நடித்தார்கள், அமரதேவ இசை. அதில் நந்தா மாலினியும் நாரத திசாசேகரவும் பாடிய பாட்டை இன்றைக்கும் சிங்கள நண்பர்கள் பாடுவார்கள். நீருக்கடியில் எடுத்த காட்சிகளைப் பார்க்கும்போது எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தக் கடல் அங்கே ஒரு சாகசக் களம். திருக்கடலூரில் விடிய எழும்பி வள்ளம் தள்ளுகிறவனின் கடல் இல்லை. தமிழ் சினிமாவோ இவ்வளவு தூரம்கூட வரவில்லை. ‘பொன்னியின் செல்வன்’ படத்தில் வந்தியத்தேவன் ஈழத்துக்கு வருகிறான், அந்த ஈழத்தைத் தாய்லாந்தில் எடுத்தார்கள்.

உவர்மலையிலும் உப்புவெளியிலும் இப்போது குறும்படம் எடுக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கையில் ஒரு நல்ல போன், ஒரு ட்ரோன். கோணேசர் கோயிலை மேலே இருந்து எடுப்பார்கள், கோட்டை வாசலில் மான்களை எடுப்பார்கள், நிலாவெளிக் கடலை எடுப்பார்கள். வடிவாகத்தான் இருக்கும். பிறகு கதைக்கு வரும்போது கடத்தல், கும்பல், பழிவாங்கல் என்று சென்னையைப் பார்த்துத் தொடங்குவார்கள். அவர்களோடு கதைக்கக் கிடைக்கும்போதெல்லாம் நான் கேட்பது, ட்ரோனை ஒரு பக்கம் வைத்துவிட்டு உங்கட அக்காவின் வீட்டுக்குள் கமராவைக் கொண்டுபோங்கள் என்று. வீடு எழுதிக் கொடுத்த அன்று நொத்தாரிசு கந்தோரில் அப்பாவின் முகம் எப்படி இருந்தது, அத்தான் முதல் முதல் அந்த வீட்டில் எந்தக் கதிரையில் இருந்தார், அதற்குப் பிறகு அந்தக் கதிரை யாருடையது ஆனது. ஒருத்தன் எழுதத் தொடங்கியிருக்கிறான். மூன்று அக்காமாருக்கு வீடு கட்டி முடித்துவிட்டுத் தான் வாடகைக்கு இருக்கிற ஒரு அண்ணனின் கதை. முதல் பிரதியில் கடைசியில் ஒரு கொலை இருந்தது. அதை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன், அவன் யோசித்துக்கொண்டிருக்கிறான்.